புல்லுக்குக் கொடுக்கும் பணம்

அமெரிக்க அரசின் நிலப் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டம், விவசாயியைச் சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்கும் திட்டம் என்கிறது சென்ற இதழில் வெளியான கட்டுரை. உழக்கூடிய நிலத்தில் புல் மண்டிக் கிடப்பதற்கு ஆண்டுக்குச் சுமார் 180 கோடி டாலர் செலவாகிறது. அதனால் உணவு விலை ஏறுகிறது, சிற்றூர்கள் காலியாகின்றன, பணக்கார நிலக்காரர்கள் கொழுக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு, ஒப்பந்தம் முடிந்ததும் நிலம் மறுபடி கலப்பைக்குத்தான் போகிறது. ஆகவே திட்டத்தை மூடிவிட்டு, எதை உழுவது எதை விடுவது என்பதைச் சந்தையிடம் விட்டுவிட வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். புல்வெளிக்கும் பறவைக்கும் பொதுப்பணத்தைக் கொடுக்கும் யோசனை இந்தியாவுக்கு வந்துவிடக் கூடாது என்று எச்சரித்து முடிக்கிறார். இந்தக் குற்றச்சாட்டுகளில் ஒன்றும் புதிதல்ல. ஒவ்வொன்றும் அமெரிக்காவிலேயே பலமுறை எழுப்பப்பட்டு, பலமுறை விடை பெற்றது. குற்றச்சாட்டை மட்டும் இங்கே கொண்டுவந்து, விடையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவர் சொல்லாமல் விட்டதில் பெரியதை முதலில் சொல்கிறேன். அமெரிக்க விவசாயி எந்த நிலத்தை உழுவார் என்பதைச் சந்தை மட்டும் முடிவு செய்வதில்லை. பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கும் மேல் மத்திய அரசு கட்டுகிறது. காப்பீட்டை விற்கும் கம்பெனிகளின் நிர்வாகச் செலவுக்கும் அரசே பணம் தருகிறது. மக்காச்சோளம், கோதுமை, சோயா ஆகியவற்றின் விலை சட்டத்தில் குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் ஈடுகட்டத் தனித் திட்டங்கள் இருக்கின்றன. 2018இல் சீனாவோடு வரிச்சண்டை மூண்டு ஏற்றுமதி சரிந்தபோது, இரண்டே ஆண்டுகளில் 2,000 கோடி டாலருக்கும் மேல் விவசாயிகளுக்கு நேரடியாக வழங்கப்பட்டது. கட்டுரையாளர் வீண்செலவு என்று சாடும் திட்டத்தின் பத்தாண்டுச் செலவைவிட அது அதிகம். அதைப் பற்றி அவர் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை.

மணற்பாங்கான சரிவில் 100 ஏக்கர் வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொய்த்துப்போகிற நிலம். கைக்காசை மட்டும் நம்பிப் பயிர் வைக்க வேண்டும் என்றால் அவர் அதைப் புல்லாக விட்டு மாடு மேய்த்திருப்பார். பொய்த்தாலும் இழப்பீடு வரும், அதற்கான பிரீமியத்தில் பெரும்பகுதியை அரசே கட்டும் என்கிறபோது உழுதுவிடுகிறார். அவர் மேல் தப்பில்லை, கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்தக் கணக்கை எழுதியது அரசு. இந்த நிலையில், புல்லுக்கான பணத்தை நிறுத்தினால் அரசு வயலை விட்டு வெளியேறிவிடும் என்று கட்டுரையாளர் காட்டுவது பொய்ச் சித்திரம். புல்லுக்கான பணம் மட்டும்தான் போகும், கலப்பைக்கான பணம் அப்படியே இருக்கும். மண்ணை உழச் சொல்லி ஒரு கை தள்ளுகிறது, வேண்டாமென்று இன்னொரு கை சிறிதளவு பிடித்து இழுக்கிறது. அவர் வெட்டச் சொல்வது இழுக்கும் கையை.

பணக்காரர்கள் கொழுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் இந்த இடத்திலேயே உடைகிறது. நிலப் பாதுகாப்பு ஒதுக்கீட்டில் ஒருவர் ஆண்டுக்குப் பெறக்கூடிய வாடகைக்கு 50,000 டாலர் என்று உச்சவரம்பு இருக்கிறது. பயிர்க் காப்பீட்டுப் பிரீமிய மானியத்துக்கு உச்சவரம்பே கிடையாது. பத்தாயிரம் ஏக்கர் உழுகிறவருக்குப் பத்தாயிரம் ஏக்கருக்கும் மானியம் உண்டு. பணக்காரருக்குப் பொதுப்பணம் போவது கட்டுரையாளருக்கு உண்மையாகவே உறுத்தியிருந்தால், எழுத வேண்டிய கட்டுரை வேறு.

இந்தத் திட்டம் யாரோ பறவை நேசர்களின் ஆசைக்காக வந்ததல்ல. 1934 மே மாதம் பெருஞ்சமவெளியில் கிளம்பிய புழுதி நியூயார்க்கைத் தாண்டி, அட்லாண்டிக் கடலில் போய்க்கொண்டிருந்த கப்பல்களின் மேல்தளத்தில் படிந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று, கறுப்பு ஞாயிறு என்று பெயர் பெற்ற பெரும் புழுதிப்புயல் அடித்தது. அதே மாதக் கடைசியில் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, மண் ஆய்வாளர் ஹியூ பென்னட் தலைமையில் அதற்கென ஒரு துறையும் அமைந்தது. 1956இல் ஐசனோவர் காலத்தில் ‘மண் வங்கி’ என்ற பெயரில், உழுநிலத்தைப் புல்லுக்கும் மரத்துக்கும் ஒதுக்கி வைக்க அரசு வாடகை கொடுத்தது. அந்த ஒப்பந்தங்கள் தீர்ந்த சமயத்தில், 1972இல் சோவியத் ஒன்றியம் தானியத்தை வாரி வாங்கியது. வேளாண் செயலர் ஏர்ல் பட்ஸ் வேலி முதல் வேலி வரை உழச் சொன்னார். விவசாயிகள் உழுதார்கள், கடன் வாங்கி நிலமும் வாங்கினார்கள். பத்தாண்டு கழித்து விலை விழுந்தது, கடன் நின்றது, மண் போனது. 1982ஆம் ஆண்டின் தேசிய வளக் கணக்கெடுப்பின்படி அந்த ஓராண்டில் மட்டும் உழுநிலங்களிலிருந்து காற்றும் நீரும் அடித்துக்கொண்டு போன மண் 306 கோடி டன். அரசுச் செலவு என்றாலே முகம் சுளித்த ரீகன், 1985 டிசம்பரில் இந்தத் திட்டம் அடங்கிய சட்டத்தில் கையெழுத்திட்டதற்குக் காரணம் இதுதான். வரலாற்றின் இந்த ஐம்பது ஆண்டைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. சந்தையிடம் விட்டால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு அந்த ஐம்பது ஆண்டுகளில் இரண்டு முறை விடை எழுதப்பட்டிருக்கிறது.

திட்டத்தின் விதிகளை அவர் படித்ததாகவும் தெரியவில்லை. உழுநிலங்கள் போட்டியிட்டுச் சேரும் பொது ஒதுக்கீடு என்ற பிரிவில், ஏற்கெனவே தரிசாகக் கிடக்கும் நிலத்தைக் காட்டிப் பணம் வாங்க முடியாது. முந்தைய ஆறு ஆண்டுகளில் நான்கு ஆண்டாவது பயிர் வைத்த நிலமாக இருக்க வேண்டும். விவசாயி தான் கேட்கும் வாடகையைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கிறார். காட்டுயிருக்கு எவ்வளவு பயன், நீரின் தரம், மண்ணரிப்பு, காற்று, பயன் எத்தனை காலம் நிற்கும், செலவு எவ்வளவு என்று மதிப்பெண் போட்டு, மற்ற விண்ணப்பங்களோடு ஒப்பிட்ட பிறகே ஏற்கிறார்கள். ஒப்பந்தம் 10 முதல் 15 ஆண்டு. இடையில் முறித்தால் அதுவரை வாங்கிய வாடகையை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். சும்மா உட்காருவது என்பதும் தவறு. விதை வாங்கி, புல் நட்டு, களையெடுத்து, சில இடங்களில் முறைப்படி தீவைத்துப் புல்லைப் புதுப்பித்துப் பராமரிக்கும் பொறுப்பு நிலக்காரருடையது. நடும் செலவில் பாதியை அவரே ஏற்கிறார். புல்வெளிக்கென்றே பிற்பாடு சேர்ந்த பிரிவில், இன்று மொத்தப் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. அந்த நிலத்தில் மாடு மேய்கிறது, தீவனத்துக்குப் புல் அறுபடுகிறது. உழக் கூடாது, கட்டடம் எழுப்பக் கூடாது, அவ்வளவுதான். அதையும் உற்பத்தியில்லாத நிலம் என்று அவர் கணக்கில் சேர்த்துவிட்டார்.

தொடக்க ஆண்டுகளில் கோளாறுகள் இருந்தன, அவற்றை மறைக்க எனக்கு அவசியமில்லை. எத்தனை ஏக்கர் சேர்ந்தது என்பதையே அதிகாரிகள் சாதனையாக எண்ணினார்கள். அரசு ஏற்கும் அதிகபட்ச வாடகை எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் தெரிந்துபோய், எல்லோரும் அதையே கேட்டார்கள். நட்ட புல்லும் பல இடங்களில் ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்த ஓரிரு வகைதான். 1990க்குப் பிறகு மதிப்பெண் முறை வந்தது இந்தக் கோளாறுகளைத் திருத்துவதற்கே. கட்டுரையாளரோ 1980களின் குறையை இன்றைய திட்டத்தின் மேல் சுமத்தி, திருத்தம் நடந்ததையே சொல்லாமல் தாண்டிப் போகிறார்.

பயன் என்ன? 306 கோடி டன்னாக இருந்த ஆண்டு மண்ணிழப்பு 2007இல் 173 கோடி டன். அத்தனையும் இந்தத் திட்டத்தின் சாதனை என்று சொல்ல மாட்டேன். அரிக்கும் சரிவை உழுதால் மானியம் போகும் என்ற 1985ஆம் ஆண்டு விதிக்கும், உழாமல் விதைக்கும் முறை பரவியதற்கும் அதில் பங்குண்டு. ஆனால் கணிசமான பங்கு புல்லுடையது என்பதை மறுக்க முடியாது, ஏனென்றால் முதலில் ஒதுக்கப்பட்டவை மிக மோசமாக அரித்துக்கொண்டிருந்த நிலங்கள். டகோட்டாக்களிலும் மொன்டானாவிலும் பனியுகம் விட்டுப்போன குட்டைகளைச் சுற்றி நட்ட புல்லால் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் வாத்துகள் கூடுதலாகப் பிழைத்தன என்று அங்கே ஆய்ந்தவர்கள் கணக்கிட்டார்கள். வேட்டையாடுகிறவருக்கும் பறவை பார்க்கிறவருக்கும் சேர்த்துப் பறக்கிற வாத்துகள் அவை. இன்னொரு பக்கம், 1970க்குப் பிறகு வட அமெரிக்கா இழந்த 290 கோடிப் பறவைகளில் 70 கோடிக்கும் மேல் புல்வெளிப் பறவைகள் என்று 2019இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. புல்வெளிப் பறவைகளில் பாதிக்கும் மேல் போய்விட்டன. இதைப் படித்த பிறகும் புல்லுக்குப் பணமா என்று ஒருவரால் கேட்க முடிகிறது என்றால், அவரோடு மேற்கொண்டு வாதிடுவதே கடினம்.

புழுதிக் காலம் பழங்கதை என்றும் எழுதியிருக்கிறார். 2023 மே 1 அன்று இல்லினாய் மாநிலத்தில் புதிதாக உழுத வயல்களிலிருந்து எழுந்த புழுதி நெடுஞ்சாலை 55ஐ மூடியது. எழுபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றோடொன்று மோதின. ஏழு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். அங்கே போய்ப் பழங்கதை என்று சொல்லட்டும்.

உணவு விலைக்கு வருவோம். 2022இல் உக்ரைன் போர் மூண்டதும் ஒதுக்கிய நிலத்தைத் திறந்துவிடச் சொல்லி அமெரிக்காவில் எழுந்த கூக்குரலை அவர் ஆதாரமாகக் காட்டுகிறார். ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் இருந்தவர்கள் விரும்பினால் பறவைகள் அடைகாக்கும் பருவம் முடிந்ததும் வெளியேறலாம் என்று அரசு அப்போதே அனுமதித்ததை விட்டுவிட்டார். ஒதுங்கியிருப்பது பெரும்பாலும் சரிவும் மணலும் வறட்சியும் கொண்ட நிலம். அதை உழுதால் உலகத்தின் பசி தீராது. அதே நாடு தன் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எத்தனாலாக்கிக் கார்களில் எரிக்கிறது, சட்டம் போட்டு எரிக்கிறது. மிக நல்ல கறுப்பு மண்ணில் விளைந்த தானியம் அது. பசித்தவனுக்காகப் பேசுகிறவரின் கண்ணுக்கு, எரிபொருள் தொட்டிக்குள் போகிற அந்தத் தானியம் தெரியவில்லை. வாத்து முட்டையிடும் மணற்சரிவு மட்டும் தெரிகிறது.

சிற்றூர்கள் காலியாவதற்கும் இதுதான் காரணமாம். பெருஞ்சமவெளியின் எத்தனையோ மாவட்டங்களில் மக்கள்தொகை 1930களிலிருந்தே இறங்கிக்கொண்டிருக்கிறது, திட்டம் வந்ததோ 1985இல். அமெரிக்க வேளாண் துறையின் பொருளாதார ஆய்வுப் பிரிவு 2004இல் இதையே எடுத்து ஆராய்ந்தது. முதல் சில ஆண்டுகளில் சில ஊர்களில் வேலைகள் குறைந்தது உண்மை. 1990களில் அந்த விளைவு நீடிக்கவில்லை, மக்கள்தொகையைத் திட்டம் குறைத்ததற்குச் சான்றில்லை என்பதே அதன் முடிவு. மாவட்டத்தின் உழுநிலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒதுக்கக் கூடாது என்ற வரம்பும் சட்டத்திலேயே இருக்கிறது. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

அவருடைய கட்டுரையில் புள்ளிவிவரம் என்று உருப்படியாக இருப்பது ஒன்றுதான். 100 ஏக்கரை ஒதுக்கினால் வேறிடத்தில் 20 ஏக்கர் புதிதாக உழப்படுகிறது என்று பொருளாதார அறிஞர் ஜுன்ஜி வூ 2000இல் வெளியிட்ட ஆய்வு. இதை வைத்துத் திட்டமே பயனற்றது என்கிறார். அந்த எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் 80 ஏக்கர் மிஞ்சுகிறதே! தான் காட்டும் ஆதாரமே தன் முடிவுக்கு எதிராக நிற்பதை அவர் கவனிக்கவில்லை. 2005இல் அதே ஆய்விதழில் ராபர்ட்ஸ், புக்கோல்ட்ஸ் இருவரும் இந்த முடிவை மறுத்து எழுதினார்கள். எந்த நிலம் லாபம் குறைந்ததோ அதுவே ஒதுக்கவும் படுகிறது, உழவுக்கும் புல்லுக்கும் இடையே மாறிக்கொண்டும் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் நடப்பதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது என்பது அவர்கள் எழுப்பிய தடை. ஒரு விவாதத்தின் முதல் பாதியை மட்டும் தமிழ் வாசகருக்குக் கொடுத்து, அதையே தீர்ப்பாக வைப்பது நேர்மையல்ல.

நதிக்கரை வரை உழுவதன் செலவை யார் கட்டுகிறார்கள் என்றும் அவர் கேட்கவில்லை. அயோவா மாநிலத் தலைநகர் டிமோய்னில், வயல் வடிகால் வழியாக ஆற்றுக்கு வரும் நைட்ரேட்டைக் குடிநீரிலிருந்து நீக்குவதற்கென்றே ஒரு தனி ஆலை ஓடுகிறது. அதன் செலவைத் தண்ணீர் வரி கட்டும் வீட்டுக்காரர்கள் சுமக்கிறார்கள். பொறுக்க முடியாமல் 2015இல் அந்த நகரக் குடிநீர் நிறுவனம் மேற்பகுதி மாவட்டங்களின் வடிகால் அமைப்புகள் மீது வழக்குப் போட்டது, 2017இல் வழக்குத் தள்ளுபடியானது. அதே மாநிலத்தில், நீல் ஸ்மித் வனவிலங்குப் புகலிடத்தில், அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் வயலில் பத்தில் ஒரு பங்கை மட்டும் பட்டை பட்டையாகப் பழைய புல்வெளிச் செடிகளுக்கு விட்டுப் பார்த்தார்கள். அடித்துச் செல்லப்பட்ட மண் இருபதில் ஒரு பங்காகக் குறைந்தது. மீதி ஒன்பது பங்கில் மக்காச்சோளமும் சோயாவும் வழக்கம்போல விளைந்தன. 2018ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இந்தப் புல்பட்டைகளுக்கும் நிலப் பாதுகாப்பு ஒதுக்கீட்டில் வாடகை உண்டு. முழு வயலையும் தரிசாகப் போடுவதுதான் திட்டம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர் இதைப் படித்திருக்க வேண்டும்.

இந்தியாவுக்கு அவர் விடுத்த எச்சரிக்கையைத்தான் என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. கரூர், திருப்பூர் பக்கத்துக் கொரங்காடுகள் தனியார் புல்வெளிகள். கிளுவை வேலி, நடுவே வெள்வேல், கீழே கொழுக்கட்டைப்புல். காங்கேயம் மாடு இதை மேய்ந்துதான் காங்கேயம் மாடானது. பட்டி பட்டியாகப் பிரித்து, மாற்றி மாற்றி மேயவிட்டு, ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு ஒப்படைத்த நிலம். அந்தப் புல்லுக்குச் சந்தையில் விலை இல்லை, அதே நிலம் மனையானால் விலை உண்டு. சந்தையிடம் விடுங்கள் என்ற அறிவுரை அங்கே ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது, கொரங்காடுகளும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. புல்லைப் புல்லாக வைத்திருப்பவருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தருவது பற்றி நாம் இன்னும் பேசவே தொடங்கவில்லை. பேச்சுத் தொடங்கும் முன்பே அதைக் கேலிக்குரியதாக்கிவிடுகிறது அவர் கட்டுரை.

கடைசியாக, ஒப்பந்தம் முடிந்ததும் நிலம் மறுபடி உழப்படுகிறது என்ற குற்றச்சாட்டு. இது உண்மை. திட்டத்தின் மெய்யான குறையும் இதுவே. பத்தாண்டு வளர்ந்த புல்லை ஒரே நாளில் புரட்டிவிடலாம். இதற்கு மருந்து நிலக்காரரிடமிருந்து உழும் உரிமையையே விலைக்கு வாங்கிவிடுவது. ஈரநிலங்களுக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தும், விளைநிலங்கள் மனையாவதைத் தடுக்க 1996லிருந்தும், புல்வெளிக்கு 2002லிருந்தும் அப்படிப்பட்ட திட்டங்கள் வந்தன. 2014இல் அவை ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. நிலம் நிலக்காரர் பெயரிலேயே இருக்கும், பிள்ளைகளுக்குப் போகும், விற்கலாம். வாங்குகிறவரையும் அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். ஒப்பந்தம் குறுகியது என்று வருந்துகிறவர் இதற்கு இன்னும் பணம் கேட்டிருக்க வேண்டும். கட்டுரையாளரோ குறுகிய ஒப்பந்தத்தையும் ஒழிக்கச் சொல்கிறார்.

ஒழித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாதி அளவிலான சோதனை நடந்தே முடிந்துவிட்டது. 2007இல் ஒதுக்கீட்டில் 3.68 கோடி ஏக்கர் இருந்தது. 2005, 2007ஆம் ஆண்டு எரிசக்திச் சட்டங்கள் எத்தனாலைக் கட்டாயமாக்கின. 2005இல் புஷலுக்கு 2 டாலர் அளவில் இருந்த மக்காச்சோளம் 2012 கோடையில் 7 டாலரைத் தாண்டியது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் புதுப்பிக்காமல் உழப் போனார்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டம் உச்சவரம்பையே 2.4 கோடி ஏக்கராக வெட்டியது. 2008 முதல் 2012 வரை மட்டும் 73 லட்சம் ஏக்கர் புதிதாக உழவுக்குள் வந்தது, அதில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் புல்வெளியாக இருந்த நிலம் என்று விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காட்டினார்கள். அப்படிப் புதிதாக உழுத நிலங்களின் விளைச்சல் நாட்டின் சராசரியைவிட 6.5 சதவீதம் குறைவு என்று அவர்களே பிற்பாடு கண்டார்கள். குறைந்த விளைச்சலுக்காகப் புல்லும் போனது, கூட்டில் இருந்த முட்டையும் போனது, காப்பீட்டுப் பிரீமியத்தில் பாதிக்கு மேல் அரசின் பொறுப்பிலும் சேர்ந்தது.

பிறகு 2018இல் உச்சவரம்பை 2.7 கோடி ஏக்கராக உயர்த்தினார்கள். ஆனால் பொது ஒதுக்கீட்டுக்குத் தரும் வாடகையை மாவட்டச் சராசரியில் 85 சதவீதத்துக்குக் குறைத்தார்கள். விவசாயிகள் வரவில்லை, 2021இல் ஒதுக்கீடு 2.1 கோடி ஏக்கர் அளவுக்கு இறங்கியிருந்தது. அந்த ஆண்டு வேளாண் துறை வாடகையையும் ஊக்கத்தொகையையும் கூட்டியது. 2023க்குள் சுமார் 2.5 கோடி ஏக்கருக்கு நிலக்காரர்கள் திரும்பி வந்திருந்தார்கள்.